படித்ததைச் சொல்லத் தெரிய வேண்டும்: தருமபுரியிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

தருமபுரி மாவட்டத்தில் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு மாணவருக்கும், தான் படித்த பாடநூல் அத்தியாயத்தை, ஆய்வுக்கட்டுரையை, அரசு அறிக்கையை, அதை எழுதியவர் என்ன சொல்கிறார் என்று பிசகாமல் தன் சொல்லில் சுருக்கி எழுதத் தெரிய வேண்டும். இன்று பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. அவர்களிடம் சுருக்கம் கேட்கப்படுகிறது, சொல்லிக்கொடுக்கப்படுவதில்லை. சொல்லிக்கொடுப்பதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் இந்த மாவட்டத்தின் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் பாடம் நடத்துகிறவர்கள், ஆய்வு மாணவர்கள், நூலகர்கள். தமிழாசிரியர்கள் மட்டும் கூடிய கூட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். வேதியியலும் வணிகவியலும் வரலாறும் நடத்துகிறவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறோம். இயக்கத்துக்கு இப்போதைக்குப் பெயர் வைக்கவில்லை. வேலை நடந்தால் ஊர் ஒரு பெயர் வைத்துக்கொள்ளும்.

1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு என்றால் தருமபுரியின் எழுத்தறிவு 68.5. மாநிலத்தில் கடைசி. அந்த எண்ணை மேடைதோறும் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை எண்ணிய கணக்கு அது. படித்ததைப் புரிந்து பிறருக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவு பள்ளிக்கூடத்தின் வேலை மட்டுமல்ல, ஊரே கூடிச் செய்ய வேண்டிய வேலை என்று மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்து அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த படியைக் கட்டுவது எங்கள் பொறுப்பு.

வகுப்பறையில் நடப்பதை அப்படியே சொல்கிறோம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த மாணவி பி.எஸ்சி. முதலாண்டில் சேர்கிறாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சில வாரங்களில், 'இந்த யூனிட்டைப் படித்து ஒரு சம்மரி எழுதிக்கொண்டு வா' என்று அசைன்மென்ட் வருகிறது. எப்படி எழுதுவது என்று சொல்ல ஆளில்லை. பள்ளியில் சொல்லியிருப்பார்கள் என்று கல்லூரி நினைக்கிறது. கல்லூரியில் பார்த்துக்கொள்வார்கள் என்று பள்ளி விட்டுவிட்டது. அவள் ஆங்கிலப் புத்தகத்தின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்கிறாள். ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியை எடுத்து வரிசையாக எழுதுகிறாள். தடித்த எழுத்தில் இருந்த சொற்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறாள். சுத்தமான கையெழுத்து, பத்துக்கு எட்டு மதிப்பெண். 'இந்த யூனிட் எதைப் பத்தினது, சொல்லும்மா' என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அந்த எட்டு மதிப்பெண் அவளை ஏமாற்றிவிட்டது.

பள்ளியில் சுருக்கம் இல்லாமல் இல்லை. பத்தி ஒன்றைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித் தலைப்பு இடச் சொல்லும் வினா நம் எல்லோருக்கும் பழக்கம். டி.என்.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் தமிழ்த் தாளிலும் சுருக்கி வரைதல் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சியில் மாணவர் மனத்தில் பதிவது அளவு மட்டும்தான். ரஃப் காப்பி எழுதி, சொற்களை எண்ணி, கூடுதலாக இருந்தால் அடித்து, ஃபேர் காப்பி எழுதி, அடியில் சொற்களின் எண்ணிக்கையைப் போடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது தேர்வுத் தாளின் வசதிக்காக வந்த கணக்கு. இருநூறு பக்க நூலை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் இன்னொரு நூல்தான் வரும். அந்த நூலின் வாதத்தை ஒரு பக்கத்தில் சொல்லவும் முடியும், மூன்று வரியில் சொல்லவும் முடியும். யாருக்காக, எதற்காகச் சுருக்குகிறோம் என்பதுதான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

சுருக்குவது வேறு, குறைப்பது வேறு என்பதைத் தமிழ் எப்போதோ அறிந்திருந்தது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கும்போது முதலில் வைப்பது தொகுத்தலை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நூலுக்கு உரிய பத்து அழகுகளைச் சொல்கிறார். சுருக்கமாகச் சொல்வது அவற்றில் முதலாவது, படிப்பவருக்கு விளங்கச் செய்வது அடுத்தது. அவரே நூலின் பத்துக் குற்றங்களையும் அடுக்குகிறார். அங்கே முதலில் நிற்பது குன்றக் கூறல். அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. சுருக்குவது முதல் அழகு, குறைப்பது முதல் குற்றம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் நிற்கத்தான் மாணவருக்குப் பயிற்சி வேண்டும். நன்னூலின் குற்றப் பட்டியலில் மற்றொன்று விரித்தல் என்பதும் உண்டு. எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிச் சொல்வது அது. எங்கள் மாணவர்களின் சுருக்கங்களில் அதிகம் காண்பது குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல் என்ற இந்த இரண்டு குற்றங்களைத்தான். எண்ணூறு ஆண்டுக்கு முன் இலக்கணம் சுட்டிய பிழைகளைத் திருத்த இன்றைய பாடத்திட்டத்தில் ஒரு பாடவேளைகூட இல்லை என்பது எங்களுக்கு உறுத்துகிறது.

சுருக்குவது தானாக வந்துவிடாது, அதற்குப் பயிற்சி வேண்டும் என்பதையே வெளிநாட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன. 1983இல் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்பு முதல் கல்லூரி வரை உள்ள மாணவர்கள் எப்படிச் சுருக்குகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். முக்கியமில்லாததை நீக்குவது சிறுவர்களுக்கே வந்தது. பத்தி முழுவதும் பரவிக் கிடக்கும் கருத்தைத் தாமாக ஒரு வாக்கியமாக ஆக்குவது கல்லூரி மாணவர்களுக்குக்கூட எளிதில் வரவில்லை. நம் பிள்ளைகள் செய்வதும் இதுதான்: பார்த்து எழுதுவது, நடுவில் சிலவற்றை விடுவது. தருமபுரிப் பிள்ளைகளின் குறை என்று இதைப் பேசுகிறவர்களுக்கு இதுவே பதில். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் இருவரும் 2007இல் நியூயார்க் கார்னகி அறக்கட்டளைக்காக, நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எழுத்துக் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்து பதினொன்றைப் பரிந்துரைத்தார்கள். சுருக்கம் எழுதுவதை முறையாக, நேரடியாகக் கற்பிப்பது அந்தப் பதினொன்றில் மிக அதிகப் பலன் தந்தவற்றுள் ஒன்று. கற்பித்தால் வரும். இந்த இயக்கத்தின் நம்பிக்கை முழுவதும் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

எதைக் கற்பிக்கப் போகிறோம் என்பதைக் காட்டிவிடுகிறோம். பயிற்சிக்காக நாங்களே எழுதிய பத்தி ஒன்று, எங்கள் மாவட்டத்துக் குடிநீரைப் பற்றியது:

கடினப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது, அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு மெல்ல நீரில் கரைகிறது. நீரில் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் இந்தக் கரைதல் அதிகமாகும். மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கி, ஆழ்துளைக் கிணறுகள் மேலும் ஆழமாகத் தோண்டப்படும் இடங்களில் ஃபுளோரைடின் அளவு உயரக்கூடும். ஆயினும் ஆழம் ஒன்றையே காரணமாகக் கொள்ள முடியாது. ஒரே ஊரில் அருகருகே உள்ள இரு கிணறுகளில் அளவு வேறுபடுவதும் உண்டு.

இதற்கு வரும் முதல் வகைச் சுருக்கம் இப்படி இருக்கும்: 'கடினப் பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் தங்கும்போது ஃபுளோரைடு நீரில் கரைகிறது. பைகார்பனேட் மிகுந்தால் கரைதல் அதிகமாகும். ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடின் அளவு உயரும்.' சொற்களெல்லாம் மூலத்தில் உள்ளவை. அளவும் சரி. ஆனாலும் இது தவறான சுருக்கம். உயரக்கூடும் என்றது உயரும் என்று ஆகிவிட்டது. ஆயினும் என்று தொடங்கிய வாக்கியம் காணாமல் போய்விட்டது. எழுதியவர் எச்சரிக்கையோடு வைத்த வேலி பிடுங்கப்பட்டுவிட்டது. இதைப் படிக்கிற ஊராட்சித் தலைவர் ஆழமான போர் எல்லாம் நஞ்சு, ஆழமில்லாத கிணறு எல்லாம் நல்ல தண்ணீர் என்று முடிவுகட்டினால் அந்தப் பிழை குழந்தைகளின் பல்லிலும் எலும்பிலும் போய் முடியும்.

இரண்டாவது வகை: 'அளவுக்கு மீறி போர் போட்டதால்தான் நம் மாவட்ட மக்கள் நோயாளிகளாகிவிட்டார்கள். அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.' இந்த மாணவருக்கு ஊர்மேல் அக்கறை இருக்கிறது, அந்த அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பத்தியை எழுதியவர் இதைச் சொல்லவே இல்லை. இது மாணவரின் கருத்து. அதற்கு உரிய இடம் சுருக்கத்துக்கு அடுத்த பத்தி.

நாங்கள் எதிர்பார்ப்பது இது: 'நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு பாறைகளிலிருந்து வருகிறது என்று ஆசிரியர் விளக்குகிறார். நீர் பாறையோடு எவ்வளவு காலம் இருந்தது, அதன் வேதித்தன்மை என்ன என்பவற்றைப் பொறுத்து அளவு மாறுகிறது. ஆழமான கிணறுகளில் அளவு கூடும் வாய்ப்பை அவர் ஒப்புக்கொண்டாலும், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே வேறுபாடு இருப்பதால் ஆழத்தை மட்டும் காரணமாக ஏற்கவில்லை.' இதில் அபடைட்டும் பயோடைட்டும் இல்லை. ஐயமும் வரம்பும் இருக்கின்றன. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவதே படிப்பு.

இந்த எடுத்துக்காட்டைத் தேடிப் பிடித்து வைக்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கினார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. இந்திய தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகிச் செறிவு கூடத்தான் செய்யும். இந்தச் செய்திகள் எல்லாம் கட்டுரைகளிலும் அறிக்கைகளிலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கறைபட்ட பல்லோடு சிரிக்கத் தயங்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு இவற்றை எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் எங்கள் வேதியியல் மாணவர்கள்தான்.

தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார் என்பது இந்த மண்ணின் பழம்பெருமை. சுருக்கம் எழுதுகிறவரும் தூதர்தான். அனுப்பியவர் சொன்னதைத் தன் அச்சமோ ஆசையோ கலக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கற்பிக்கும் முறையில் எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் இதில் ஒத்துப்போனோம். பேனாவைத் தொடாமல் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போது நான்கு கேள்விகள்: எழுதியவர் எதைக் கேட்கிறார், என்ன விடை சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எதுவரை உறுதியாகச் சொல்கிறார். பிறகு புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கட்டம் மிக முக்கியம். ஊர்ப் பேச்சில் சொல்லலாம். எங்கள் மாணவர்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த மொழிகளிலும் சொல்லலாம். சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி வரும் மாணவர் தன் மலைப் பேச்சில் சொல்லட்டும். புத்தகத்தின் வாக்கியங்கள் வாய்ப்பேச்சில் நிற்காது. புரிந்தது மட்டும்தான் வரும், புரியாத இடத்தில் பேச்சு நின்றுவிடும். எங்கே நின்றதோ அங்கே மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் எழுத்து. எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டு, கூடும், ஆயினும், பெரும்பாலும், சில இடங்களில் போன்ற சொற்கள் தாங்கிய பொருள் தப்பிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வினைச்சொல்லையும் தனியாகக் கற்பிப்போம். எங்கள் மாணவர்களின் தாள்களில் ஆசிரியர் எப்போதும் கூறுகிறார், கூறுகிறார் என்றே கூறிக்கொண்டிருப்பார். ஒரு வரலாற்றாசிரியர் ஒன்றை நிறுவுகிறாரா, ஊகிக்கிறாரா, முன்னவரை மறுக்கிறாரா, பாதி ஏற்றுப் பாதி விடுகிறாரா என்பது அந்த ஒரு வினைச்சொல்லில் தெரிய வேண்டும். சரியான வினைச்சொல்லைத் தேடும்போதே மாணவர் மூலத்தை இன்னொரு முறை ஆழ்ந்து படித்துவிடுகிறார். வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு விரைவில் பலன் தருவதை நாங்கள் பார்த்ததில்லை.

முதலில் தமிழ். ஆங்கிலக் கட்டுரையைப் படித்தாலும் முதல் சுருக்கம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் கொள்கை. ஆங்கிலம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலச் சுருக்கம் எழுதத் தெரிந்தாக வேண்டும், அதையும் கற்பிப்போம். ஆனால் மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது புரியாமலேயே மூலத்தின் சொற்களை இடம் மாற்றி வைத்துத் தப்பித்துவிட முடிகிறது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கலைச்சொல் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியம், உலகத்தின் அறிவுத்துறைகளை எல்லாம் தமிழில் சுருக்கித் தந்த பெரும்பணி. அதன் ஒரு கட்டுரையாவது ஒவ்வொரு வகுப்பிலும் சுருக்கத்துக்கு மாதிரியாகப் படிக்கப்பட வேண்டும்.

சுருக்கம் தெரியாததன் விலையை வாச்சாத்தியை வைத்தும் சொல்லியாக வேண்டும். 1992 ஜூன் மாதம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் குறைவு. எங்கள் கல்லூரிகளில் வரலாறும் அரசியலும் படித்துப் பட்டம் வாங்கும் ஒருவர், அந்தத் தீர்ப்பைப் படித்து, எந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்றது, எதை மறுத்தது, எந்தச் சாட்சியத்தை நம்பியது என்று தமிழில் இரண்டு பக்கத்தில் பிழையில்லாமல் எழுதித் தர முடிய வேண்டும். அந்தப் பெண்களின் பேத்திகள் அதைப் படிக்க வேண்டும். பட்டம் வாங்கியவருக்கு இது முடியவில்லை என்றால் அந்தப் பட்டத்தின் மதிப்பை நாம் கேள்வி கேட்க வேண்டும்.

கைபேசிச் செயலி பத்து விநாடியில் சுருக்கித் தந்துவிடுகிறதே, இனி எதற்கு இந்தப் பாடம் என்று கேட்கிறார்கள். நாங்கள் அந்தச் செயலிகளைத் தடைசெய்யச் சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் தரும் சுருக்கத்தில் ஆயினும் என்ற வாக்கியம் விடுபட்டிருக்கிறதா, மூலத்தில் இல்லாதது சேர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, தானே சுருக்கிப் பழகிய ஒருவரால்தான் முடியும். பழகாதவர் அது தருவதை அப்படியே நம்புவார். எனவே எங்கள் வகுப்புகளில் விதி இது: மாணவர் தன் சுருக்கத்தை எழுதி முடித்த பிறகு இயந்திரச் சுருக்கத்தை வாங்கிப் பார்க்கலாம், இரண்டையும் மூலத்தோடு வைத்துத் திருத்தலாம். வரிசை மாறக்கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதி நியாயமானது. ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் பார்த்து எழுதுவதையே சுருக்கம் என்று பழக்கிவிட்டு, முனைவர் பட்டத்துக்கு வந்த பிறகு மென்பொருளை வைத்துப் பிடிப்பதில் என்ன நியாயம்? பிறர் கருத்தைத் தன் சொல்லில் சொல்லி, அவர் பெயரையும் பக்கத்தையும் குறிக்கும் பழக்கம் பதினேழு வயதில் தொடங்க வேண்டும்.

இனி நாங்கள் ஏற்கும் கடமைகள். எங்கள் ஒவ்வொருவர் பாடத்திலும், முதல் செமஸ்டரில் வாரம் ஒரு பாடவேளையைச் சுருக்கம் கற்பிக்க ஒதுக்குவோம். மாணவருக்கு முன்னால் கரும்பலகையில் நாங்களே எழுதிக் காட்டுவோம். தடுமாறும் இடத்தையும், அழித்துத் திருத்தும் இடத்தையும் அவர்கள் பார்க்கட்டும். அறுபது பேர் வகுப்பில் எல்லாத் தாளையும் ஒருவரே திருத்த முடியாது என்பது உண்மை. ஆகவே மாணவர்கள் தாள்களை மாற்றிக்கொண்டு அந்த நான்கு கேள்விகளை வைத்துச் சரிபார்ப்பார்கள், ஆசிரியர் சிலவற்றை மட்டும் எடுத்து வகுப்பில் பேசுவார். எந்த மாணவரும் தாம் எழுதிய பிழையான சுருக்கத்துக்காக வகுப்பில் கேலி செய்யப்பட மாட்டார்.

நாங்கள் கைடு போட மாட்டோம். மாதிரிச் சுருக்கங்களைத் தொகுத்து விற்க மாட்டோம். எந்தப் பயிற்சிக்கும் கட்டணம் வாங்க மாட்டோம். மனப்பாடம் செய்யத்தக்க சுருக்கம் என்ற ஒன்று வந்துவிட்டால் அன்றோடு இந்த இயக்கம் தோற்றது என்று பொருள்.

ஒவ்வொரு மாணவரும் பட்டம் வாங்குவதற்குள் இந்த மாவட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வையோ அறிக்கையையோ படித்துத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று எழுத வேண்டும். நிலத்தடி நீர், சாமைப் பயிர், வத்தல்மலை, நடுகற்கள், மாங்கூழ் ஆலைகள், பெங்களூருக்கு வேலை தேடிப் போகும் குடும்பங்கள் என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. மூல ஆசிரியரின் பெயர், நூல், ஆண்டு, பக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சுருக்கம் முடிந்த இடத்தில் கோடு போட்டு, அதற்குக் கீழே மாணவர் தன் கருத்தைத் தாராளமாக எழுதலாம். ஆசிரியர் சரிபார்த்த பிறகு அது அந்த ஊர்க் கிளை நூலகத்தில் வைக்கப்படும். படிப்பவர்கள் இருப்பார்களா என்று கேட்கிறவர்கள், கிளை நூலகத்தில் தினம் காலை நாளிதழ் பிரிக்கக் காத்திருப்பவர்களை ஒருநாள் போய்ப் பார்க்கட்டும்.

பெரியார் பல்கலைக்கழகத்திடமும் ஒன்று கேட்கிறோம். இந்த மாவட்டக் கல்லூரிகளில் உள்மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. ஒவ்வொரு முதன்மைப் பாடத்திலும் அதில் ஐந்தை, மாணவர் முன்பு பார்த்திராத பனுவல் ஒன்றைச் சுருக்குவதற்கு ஒதுக்குங்கள். அதில் இரண்டு, வாயால் சொல்வதற்கு. எழுதிய சுருக்கம் புரியாமல் எழுதியதாக இருந்தால் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்பது இன்னும் எளிது: பிளஸ் ஒன் வகுப்பிலிருந்து அறிவியல், வரலாற்றுப் பாடங்களிலும் சுருக்கம் எழுத இடம் கொடுங்கள். தமிழ் வினாத்தாளில் மட்டும் அதை அடைத்துவைக்க வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கல்லூரியிலிருந்து வந்ததும் 'இன்னைக்கு என்ன படிச்ச' என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் புரியும்படி அவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதும் எல்லாவற்றுக்கும் முதல் தேர்வாளர் நீங்கள்தான்.

இந்த இயக்கத்தில் சேர விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் வெறும் கையெழுத்துப் போட்டால் போதாது. இந்தப் பிரகடனத்தை உங்கள் சொல்லில் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எங்களோடு உடன்படாத இடம் இருந்தால் அதைச் சுருக்கத்துக்குள் கலக்காமல், கோடு போட்டுக் கீழே தனியாக எழுதுங்கள். இரண்டையும் படித்துவிட்டுத்தான் முதல் கூட்டத்தைக் கூட்டுவோம்.